நடுங்குபவர் இருக்கை

உப்பளச்சேரியில் குளிர்கால விளையாட்டு விழாவுக்காகச் சதுக்கம் கட்டினார்கள். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பனி வேண்டுமே? ஊரில் உப்புக்கா பஞ்சம்! கணுக்கால் அளவுக்குக் கொட்டி நிரவிவிட்டார்கள்.

அதற்காக முப்பது வீடுகளை இடித்தார்கள். செல்லக்கனியின் வீடும் அதில் போயிற்று. ஆனால் விதிமுறை ஒன்று இருந்தது. விழா முடியும்வரை குளிரில் நடுங்கும் பார்வையாளர் எந்தக் குடும்பத்தில் இருக்கிறாரோ, அந்தக் குடும்பத்துக்கு இடம் திரும்பக் கிடைக்கும். நடிக்கக் கூடாது. நடிப்பைக் கண்டுபிடிக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். கம்பளிக் கோட்டு, குல்லாய், கையுறை எல்லாம் போட்டிருந்தார். அவருக்கு ஒரு சொட்டு வேர்க்கவில்லை. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடுவாராக்கும்!

எல்லாரும் பல்லைக் கடகடவென்று ஆட்டிக் காட்டினார்கள். அதிகாரி முதுகில் விரலை வைப்பார். வேர்வையில் கையுறை நனையும். "அடுத்து" என்பார். இருபத்தொன்பது குடும்பங்கள் மூட்டையைக் கட்டின.

செல்லக்கனிக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. அவள் புருஷன் தவசிமுத்துவுக்கு மலேரியா.

கட்டிலோடு தூக்கிவந்தார்கள். அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதாம்மா குளிர்! இவரை இத்தனை நாளா எங்க வச்சிருந்தீங்க?"

"வீட்லதாங்க. வீடு இருந்தப்ப."

அவனுக்கு நாற்காலி போட்டார்கள். செல்லக்கனி காலால் உப்பை விலக்கிப் பார்த்தாள். அம்மி பதித்திருந்த குழி அப்படியே இருந்தது. அவளுடைய அடுப்படி.

"ஏட்டி, மாத்திரையக் குடு. முடியல" என்றான் தவசிமுத்து.

நர்சம்மா கொடுத்த மாத்திரை முந்தானை முடிச்சில் இருந்தது. முழுங்கினால் நடுக்கம் நிற்கும். நடுக்கம் நின்றால் இடம் போச்சு. அவள் அதிகாரியிடம் ஓடினாள்.

"விழா எப்பங்க முடியும்?"

"வீரர் வந்ததும்."

"எப்ப வருவாரு?"

"வந்துக்கிட்டேதானே இருக்காரு. பாருங்க."

தூரத்தில் ஒருவன் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு உப்பில் சறுக்கி வந்துகொண்டிருந்தான். அவன் ஓரடி வைத்தால் சதுக்கம் ஈரடி நீண்டது. காலையில் சதுக்கத்தின் அந்தக் கடைசியில் டீக்கடை தெரிந்தது. மத்தியானம் அது புள்ளியாகிவிட்டது.

"ஏட்டி..."

"செத்த பொறுங்க. அன்னா வந்துட்டான்லா. நமக்குன்னு ஒரு கூரை வேண்டாமா?"

"கூரைக்குக் கீழ யாரு இருக்க?"

"வாயக் கழுவுங்க!" என்று எரிந்து விழுந்தாள். பிறகு அவன் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள். அனலாகக் கொதித்தது.

மூன்றாம் நாள் காலையில் நடுக்கம் நின்றது. செல்லக்கனி பதறிப்போய் முடிச்சை அவிழ்த்து மாத்திரையை அவன் வாயில் போட்டாள். அது நாக்கின்மேல் அப்படியே கிடந்தது. "ஐயோ, பாவி நானே கொன்னுட்டேனே!" என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

அதிகாரி ஓடிவந்தார். முதல் தடவையாகக் கையுறையைக் கழற்றி அவன் நெற்றியைத் தொட்டார்.

"அடேயப்பா, என்னமா ஜில்லுன்னு இருக்காரு! ஆனா நடுக்கம் இல்லையேம்மா. விதியில இதுக்கு இடமில்ல."

பேசிக்கொண்டே அவளைப் பார்த்தார். அவள் தோளும் தாடையும் விரல்களும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. கையுறையை மாட்டிக்கொண்டு அவள் முதுகில் விரலை வைத்தார். ஈரமில்லை.

"இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டார்.

இரண்டு பேர் தவசிமுத்துவைத் தூக்கி ஓரமாக உப்பில் கிடத்தினார்கள். கெட்டுப்போக மாட்டார் என்றார்கள். செல்லக்கனியை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"பட்டா யாரு பேருக்கு எழுதுவீங்க?" என்று கேட்டாள்.

"நடுங்குறவங்க பேருக்குத்தாம்மா."

தூரத்தில் வீரன் வந்துகொண்டேயிருந்தான். செல்லக்கனி காலால் துழாவி அம்மிக் குழியைக் கண்டுபிடித்தாள். அதில் பாதத்தை ஊன்றிக்கொண்டு, நடுக்கம் நின்றுவிடாதபடி, புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.