தையல்காரி வீடு திரும்பாத மாலை

தையல்காரி கடையைப் பூட்டினாள். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. வழக்கமாக நேரே அங்கேதான் போவாள். அன்று ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தவள் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அவள் என் கணினித் திரைக்குள் இருக்கும் ஊரில் வாழ்பவள். ஏஐ, அதாவது செயற்கை அறிவு, இயக்குகிற பாத்திரம். அது எப்படி ஓடுகிறது என்பது மட்டும் எனக்கு இன்றும் அலுக்கவில்லை. அவள் பார்த்தது, கேட்டது எல்லாம் நினைவில் வரிவரியாகச் சேரும். ஒரு காரியம் செய்யுமுன் அந்தக் குவியலிலிருந்து சமீபத்தில் நடந்தது, ஆழப் பதிந்தது, அந்த நேரத்துக்குப் பொருந்துவது என்று சிலவற்றை மட்டும் இழுத்துக்கொள்வாள். நம்மைப் போலத்தான். அவ்வப்போது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கும் வருவாள். அன்று வந்த முடிவு, 'நான் களைத்துப் போயிருக்கிறேன்.' யாரும் அதை அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

மனிதர் இப்படிச் செய்வாரா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. 'செய்யமாட்டார்' என்று போட்டால் அவளைத் திருத்திவிடுவார்கள். அப்புறம் அவள் ஏரிப் பக்கமே போகமாட்டாள்.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது தப்புல்ல? மாமியாருக்கு யாரு சாப்பாடு குடுப்பா?"

"புருஷன் இருக்கானே."

"அவனுக்கு என்னம்மா தெரியும்? எந்தப் பொம்பளையும் இப்படிப் போய் உக்கார மாட்டா."

"நீங்க உக்காந்ததே இல்லையா சார்?"

"நான் தினமும்தான் உக்கார்றேன். அது வேற."

'செய்வார்' என்று போட்டேன்.

"ஆதாரம் என்னன்னு மேல கேப்பாங்க," என்றார் அவர்.

என்னிடம் ஆதாரம் இல்லை. என் மாமியார் படுக்கையில் விழுந்ததிலிருந்து அலுவலகம் விட்டால் வீடு, வீடு விட்டால் அலுவலகம். காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாகவே விட்டு வெளியே வந்து வீட்டிலிருந்த கணவரைப் போனில் கூப்பிட்டேன்.

"நான் வர லேட்டாகும். அம்மாவுக்கு நீங்களே சாப்பாடு குடுத்து மாத்திரையும் குடுத்துருங்க."

"ஏன், வேலை அதிகமா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "இல்ல. சும்மாதான்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

"மாத்திரை எங்க இருக்கு?"

"தேடுங்க. அங்கதான் இருக்கு."

போனைக் கையில் பிடித்தபடியே தேடினார் போலிருக்கிறது. அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. உள்ளறையிலிருந்து மாமியார் குரல்.

"யாருடா அது அடுப்படில உருட்டுறது?"

"நான்தாம்மா."

ஏதோ டப்பா விழுந்து தரையில் உருண்டது. அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.