இடமிருந்து மூன்றாவது

ஊரில் முதன்முதலாக இருபுறமும் அடைக்கப்பட்ட மனிதர் கொதிகலன் பிரிவின் ஃபோர்மேன். பின்கழுத்தில் ஒரு பித்தளைத் தக்கை, நெஞ்சுக்குழியில் ஒன்று. இரண்டையும் சுத்தியலால் பதமாகத் தட்டி இறக்கினார்கள். ரத்தம் வரவில்லை, வலித்த மாதிரியும் தெரியவில்லை. மறுநாள் காலை சங்கு ஊதுவதற்கு முன்பே அவர் வேலைக்கு வந்துவிட்டார். வால்வைத் திறந்தார், மூடினார், கேன்டீனில் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். அவருக்குள் எதுவும் போகவில்லை, அவரிடமிருந்து எதுவும் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முதல் மாதம் அவர் மனைவி நிம்மதியாகத்தான் இருந்தாள். வீட்டில் பாத்திரம் பறப்பது நின்றுபோயிருந்தது. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "சண்டை போட்டாக்கூடப் பரவால்லடி. சுவத்துக்குச் சோறு போடற மாதிரி இருக்கு," என்றாள். வெளியூரிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வந்து நின்றபோது, பேருந்து நிறுத்தத்தில் யாரோ நிற்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மகள் அன்று சாயங்காலமே கிளம்பிப் போனாள்.

இந்த அடைப்பு மனிதர்களுக்காக உண்டான முறை அல்ல. தொழிற்சாலையின் குளிர்விப்பான் ஒரு வீட்டளவு பெரிய உருளை. அதன் இரு முனைகளிலும் சல்லடைபோலத் துளையிட்ட தகடுகள். இந்தத் தகட்டிலிருந்து அந்தத் தகடு வரைக்கும் விரல் தடிமனில் ஆயிரக்கணக்கான குழாய்கள். குழாய்க்குள் கடல்நீர் ஓடும், வெளியே நீராவி சுற்றும். ஒரு குழாயில் விரிசல் விட்டால் போதும், உப்பு நீராவிப் பக்கம் கசிந்து கொதிகலனையே அரித்துவிடும். அதனால் வருடம் ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொரு குழாயாகச் சோதிப்பார்கள். அந்த வேலை, ஊரார் எட்டுக்காரி என்று கூப்பிடும் பெண்ணுடையது. தாமிரக் கம்பி சுற்றிய சின்ன முனையொன்றைக் கேபிளோடு குழாயின் மறுகோடி வரை தள்ளி, அவசரப்படாமல் இழுப்பாள். அந்தச் சுருளில் ஓடும் மின்சாரம் குழாயின் சுவருக்குள் சின்னச் சின்னச் சுழல்களை உண்டாக்கும். சுவர் நன்றாக இருந்தால் சுழல் தன்பாட்டுக்குச் சுற்றும். விரிசல் இருந்தால் அதைச் சுற்றி வளைந்து போகும்; அப்போது திரையில் சும்மா கிடந்த புள்ளி எழுந்து சாய்வாக ஒரு எட்டுப் போடும். எட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு கொழுத்திருக்கிறது என்பதை வைத்து, சுவரில் எவ்வளவு போய்விட்டது என்று சொல்லிவிடுவாள். பாதிக்கு மேல் போயிருந்தால் அந்தக் குழாயின் இரு வாயையும் தக்கை வைத்து அடைப்பார்கள். அதைப் பிடுங்கி எறிவதில்லை. மற்ற குழாய்களோடு அதுவும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

குழாயை வெளியிலிருந்து பார்க்க வளையமாகவும் ஒரு சுருள் உண்டு. அடைக்கப்படுவதற்கு முன், ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேன் அதில் பெரியதாக ஒன்றை எடுத்துத் தலைவழியே இடுப்பு வரை இறக்கிக்கொண்டு, "எனக்கும் பாத்துச் சொல்லும்மா, உள்ள ஏதாவது ஓட்டை கீட்டை இருக்கான்னு," என்றார். திரையில் எட்டு விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து வருகைப் பதிவு குமாஸ்தா போட்டுக்கொண்டார். அவருடைய எட்டு இன்னும் கொழுத்திருந்தது. அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். எட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "சார், உங்களுக்குச் சுவரே இல்ல," என்றாள். மனைவி இறந்து பல வருடமாகியும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர் அந்தக் குமாஸ்தா. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது கசிந்துவிட்டார். அவரிடமிருந்து வந்த உப்புநீர் தெருவில் முழங்கால் அளவுக்கு நின்றது. இரும்புக் கதவுகள் துருப்பிடித்தன, மளிகைக்கடைத் தராசு இறுகிப்போனது. அந்தத் தண்ணீரில் கால் நனைத்தவர்கள் பல மாதங்களுக்கு, கடைக்குப் போகும் வழியில் பையைக் கீழே வைத்துவிட்டு, பார்த்தேயிராத அவர் மனைவியை நினைத்துத் தேம்பினார்கள். தண்ணீர் வடிந்தபின் வீட்டுக்குள் போனவர்கள், அவர் பிழிந்து போட்ட சட்டைபோல நாற்காலியில் கிடப்பதைக் கண்டார்கள். அடுத்துக் கசியப்போவது எட்டு விழுந்த ஃபோர்மேன்தான் என்று, மறுவாரம் மேலாளர் அவரை அடைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு குழாய்களைச் சோதித்து முடித்த கையோடு ஊரையும் சோதிப்பது வழக்கமாகிவிட்டது. தொழிற்சாலை மன்றத்தில் வளையம் தொங்கும். ஒவ்வொருவராக அதற்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். முதலில் முணுமுணுத்தவர்கள், பிறகு தடுப்பூசிக்கு நிற்பதுபோல நின்றார்கள். அடைக்கப்பட்டவர்கள் வருடத்துக்கு வருடம் கூடினார்கள். பேருந்தில் அவர்கள் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. "அவருக்கு ஆப்பு வெச்சாச்சு" என்று சொல்லிச் சிரித்த காலம் போய், யாரும் அதைச் சொல்லாத காலம் வந்தது.

எட்டுக்காரியோடு அதே வீட்டில் அவள் தங்கையும் இருந்தாள். தொழிற்சாலை டெலிபோன் அறையில் வேலை. வாய் ஓயாமல் பேசுகிறவள். அவளுக்கு ஒரு பையன் பிறந்து, அழாமலே போய்விட்டான். புருஷனும் அந்த வருடமே விலகிப் போய்விட்டான். அன்றிலிருந்து பையனைப் பேசியே வளர்த்தாள். "இருந்தா இந்நேரம் நடந்திருப்பான்," என்றாள். பிறகு, "இருந்தா இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருப்பான், கணக்குல உன்னை மாதிரி." ஒவ்வொரு சாயங்காலமும் பாத்திரம் தேய்த்தபடி அவனுடைய அன்றைய குறும்பைச் சொல்லுவாள். அவள் பேசும்போது அந்த வீட்டில் சின்னச் செருப்பின் ஓசை கேட்டதை எதிர்வீட்டார் எல்லோரும் அறிவார்கள். பேச்சு நின்றால் ஓசையும் நின்றுவிடும். சில நாள் மாடிப்படியில் ஈரமான சின்னக் காலடிகள்கூட இருந்தன. எட்டுக்காரி அவற்றைத் துடைக்காமல் சுற்றிப் போவாள்.

வளையத்துக்குள் தங்கை நுழைந்த முதல் வருடமே எட்டு விழுந்தது. குழாய்களில் ஒரு சங்கதி உண்டு. நீளக் குழாய் தொய்ந்து போகாமலிருக்க நடுநடுவே தாங்கு தகடுகள் இருக்கும். குழாய் தகட்டைக் கடக்கும் இடத்தில் திரையில் பெரிய கோடு வரும். சின்ன விரிசல் அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். மனிதர்களிலும், ஒருவர் இன்னொருவர்மேல் சாய்ந்திருக்கும் இடத்தில் அதே கோடுதான் வந்தது. எட்டுக்காரி தங்கையின் எட்டுக்கு எதிரே "தாங்கு தகடு" என்று எழுதினாள். பொய்யும் இல்லை, தங்கை அவள்மேல் சாய்ந்துதான் இருந்தாள். அடுத்தடுத்த வருடங்களிலும் அதையே எழுதினாள். ஆனால் இந்தத் தொழிலில் ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். இரண்டாவது ஆள் பூதக்கண்ணாடி என்று பெயரெடுத்தவர், நல்ல மனிதர், எதையும் விடமாட்டார். விரிசல் கோட்டைத் தாண்டி வளர்ந்த வருடம், அவர் தங்கையின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தகடு இருக்கு, ஒத்துக்கறேன். அடியில விரிசலும் இருக்கு, முக்கால்வாசி போயிடுச்சு. எனக்குப் புள்ளைகுட்டி இருக்கும்மா, அதே தெருவுல," என்றார். எட்டுக்காரிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. குமாஸ்தா வீட்டுத் தண்ணீரில் அவளும்தான் கால் நனைத்திருந்தாள்.

"என்ன எழுதியிருக்காங்க, அக்கா?" என்று தங்கை அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்த்தபடி கேட்டாள்.

"அடைக்கணும்னு."

தங்கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அடைச்சா அவன் எங்க போவான்?"

"எங்கயும் போகமாட்டான். உள்ளயே இருப்பான்."

"அடைச்ச குழாயில நிக்கற தண்ணி கருத்து நாறிப்போகும்னு நீதானே சொன்ன."

எட்டுக்காரி விளக்கை அணைத்துப் படுத்தாள்.  அடைத்தால் பையன் போவான். அடைக்காவிட்டால் தங்கையே பிழிந்த சட்டையாகிவிடுவாள், தெருவும் மூழ்கும். விடிகிறவரை குழாயாகவே யோசித்தாள். உள்ளே வரும் வாயை மட்டும் அடைத்தால் புதிதாக எதுவும் வந்து அழுத்தாது. இருப்பது விரிசலை முட்டாமல், பேச்சாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருக்கும். மனிதருக்கு உள்ளே வரும் வாய் பின்கழுத்து, வெளியே போகும் வாய் நெஞ்சுக்குழி; ஆக, தங்கைக்குப் பின்கழுத்துத் தக்கை மட்டும் போதும். ஆனால் மேலாளர் முன்பக்கத் தக்கையையும் பின்பக்கத் தக்கையையும் எண்ணிப் பார்க்கிறவர். நெஞ்சுக்குழித் தக்கை வேறு யாருக்காவது போயாக வேண்டும்.

அடைக்கும் முறை இது. முகத்தைப் பார்த்தால் ஃபிட்டர்களுக்குச் சுத்தியல் நடுங்குகிறது என்று, மன்றத்தில் இரண்டு கித்தான் திரைகளைக் கட்டியிருந்தார்கள். நடுவே பெஞ்சில் ஒரு வரிசை ஆட்கள் உட்காருவார்கள். யாருக்கு அடைப்பு என்று முன்கூட்டித் தெரிந்தால் எழுந்து ஓடிவிடுவார்கள் என்பதால், பழுதில்லாதவர்களும் கலந்து உட்கார வேண்டும். பின்திரையில் கழுத்துக்கு நேராகத் துளைகள், முன்திரையில் நெஞ்சுக்கு நேராகத் துளைகள். ஆளுக்கொரு வரைபடத்தோடு பின்னால் ஒரு ஃபிட்டர், முன்னால் ஒரு ஃபிட்டர். வரைபடம் போடுவது எட்டுக்காரி. பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம் இருப்பது முன்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம் வந்துவிடும். குழாய் வேலையில் இதை மறந்து, ஒரு குழாயின் இந்த வாயையும் இன்னொரு குழாயின் அந்த வாயையும் அடைத்துவிட்டுத் தலையில் கைவைத்த கதைகள் எல்லா ஆலையிலும் உண்டு. அதற்காகவே, எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று வரைபடத்தின் மூலையில் எழுதுவார்கள். அதை எழுதாத உதவியாளர்களை எட்டுக்காரி வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறாள். அன்று அவள் எழுதவில்லை. இரண்டு வரைபடத்திலும் இடமிருந்து மூன்றாவது துளைக்குக் கறுப்பு மை வைத்தாள். தங்கையைப் பின்பக்கக் கணக்கில் மூன்றாவதாக உட்கார வைத்துவிட்டு, பழுதில்லாதவர்களில் ஒருத்தியாக அவளே மறுகோடியிலிருந்து மூன்றாவதாகப் போய் உட்கார்ந்தாள். பின்னால் சுத்தியல் ஒலித்தபோது தங்கை பேசிக்கொண்டே இருந்தாள். முன்னால் ஒலித்தபோது எட்டுக்காரி மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள்; அந்த மூச்சு இன்றுவரை முழுதாக வெளியே வரவில்லை.

தவறு அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. தக்கையைப் பிடுங்கினால் சுவர் கிழியும் என்பதால் பிடுங்க முடியாது. இன்னொன்று போடலாமா என்று கேட்டார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, எண்ணிக்கை சரியாக இருக்கிறது, இத்தோடு விடுங்கள் என்றார் மேலாளர். அன்றிலிருந்து தங்கைக்குள் எதுவும் போவதில்லை. யார் கூப்பிட்டாலும் கேட்காது, எந்தச் செய்தியும் தைக்காது. ஆனால் அவளிடமிருந்து வருவது வந்துகொண்டே இருக்கிறது. எட்டுக்காரிக்குள் எல்லாம் போகிறது. வாய் திறந்தால் சொல் வராது, அழுதால் கண்ணீர் வராது, பேனா பிடித்தால் எழுத்து வராது. திரையில் எட்டு விழுவதைப் பார்ப்பாள், எவ்வளவு ஆழம் என்று அவளுக்குத் தெரியும், சொல்ல முடியாது. அவள் நாற்காலியில் பூதக்கண்ணாடி உட்கார்ந்தார். அக்கா என்ன செய்தாள் என்பதைத் தங்கைக்குச் சொல்ல வேண்டியவளுக்கு வாய் இல்லை, கேட்க வேண்டியவளுக்குக் காது இல்லை. 

பையன் வளர்ந்தான். அவனுக்கு மீசை அரும்பியதைத் தங்கை ஒரு சாயங்காலம் சொன்னாள். படிக்கட்டில் காலடிகளும் பெரிதாகியிருந்தன. தங்கையின் எட்டு வருடத்துக்கு வருடம் மெலிந்தது, எட்டுக்காரி போட்ட கணக்கு தப்பவில்லை. அவள் மட்டும் கனத்துக்கொண்டே போனாள். நடக்கும்போது உள்ளே தண்ணீர் தளும்புவது கேட்டது. நாற்காலிகள் இரண்டு முறிந்தபின் தரையிலேயே உட்கார்ந்தாள். வருடாந்திரச் சோதனையில் பூதக்கண்ணாடி அவள் படத்தைக் கையில் எடுத்தார். மாசுமருவில்லாமல் இருந்த சுவர் பாதிக்குமேல் போயிருந்தது. அவளுக்கு இரண்டாவது தக்கை போட்டாலும் உள்ளே நிற்பது நிற்கத்தான் போகிறது என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தாங்கு தகடு" என்று எழுதினார். எதையும் விடாத மனிதர் தெரிந்தே விட்டது அது ஒன்றைத்தான்.

இப்போதும் சாயங்காலம் பாத்திரம் தேய்த்து முடித்ததும் தங்கை அக்காவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு அன்றைய கதையைச் சொல்லுகிறாள். முடித்துவிட்டு, "கேக்குதா அக்கா?" என்பாள். அக்காவுக்குள் ஓர் அலை எழுந்து விலாவில் மோதி அடங்கும். அது எதிர்வீடு வரைக்கும் கேட்கும். தங்கைக்குக் கேட்காது. ஊரில் யாரும் அவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. மளிகைக்காரர் தராசைச் சுவரில் உயரமாக மாட்டிவிட்டார். பெண்கள் அரிசியையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் பரணுக்கு ஏற்றிவிட்டார்கள். பூதக்கண்ணாடி தன் பேரப்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறார். அந்தத் தெருவில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வாசற்படியை ஆள் உயரத்துக்கு வைக்கச் சொல்கிறார்கள், கொத்தனாரும் ஏன் என்று கேட்பதில்லை.