வர்ணம் தாங்கிய வேலி

ஈஸ்டருக்கு முந்தின வாரத்தில் வேலிக்கு வர்ணம் அடிக்காத வீடு அந்த ஊரில் கிடையாது. சுவருக்குச் சுண்ணாம்பு, ஆப்பிள் மரங்களின் அடிக்குச் சுண்ணாம்பு, வேலிக்கு நீலம். அது பெண்களின் வேலை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தெருவழியே வந்தால் எந்த வீட்டு வாசலும் அவர் கண்ணுக்கு அழுக்காகத் தெரியக்கூடாது என்று எண்ணம். வார்வரா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. பழைய வர்ணத்தைச் சுரண்டமாட்டாள், அதன் மேலேயே அடிப்பாள். பலகைகளின் விளிம்பெல்லாம் மெழுகு வழிந்து உறைந்ததுபோல் உருண்டு போயிருக்கும்.

வேலியைப் பழுதுபார்ப்பது ஆண்களின் வேலை. அவள் கணவர் ஹரலம்பி, தன் நல்ல காலத்தில், பனி உருகியதும் மடக்குக் கத்தியோடு கிளம்புவார். ஒவ்வொரு கம்பத்தின் முன்னாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணைக் கையால் விலக்கி, மரம் மண்ணைத் தொடுகிற இடத்தில் கத்தியைக் குத்துவார். நுனி மட்டும் இறங்கினால் அடுத்ததற்குப் போவார். பிடிவரை இறங்கினால் அந்தக் கம்பம் அன்றைக்கே வெளியே வந்துவிடும்.

"மேலே தட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது வார்வரா. மண்ணுகிட்ட பாக்கணும்" என்பார்.

"நீங்க மண்ணைப் பாருங்க, தெருவுல போறவங்க என் பெயிண்ட்டைப் பாக்கட்டும்" என்பாள் அவள்.

இப்போது கத்தி சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது. ஹரலம்பிக்கு நினைவு கலைந்து சில வருஷம் ஆகிவிட்டது. மகளின் பெயரே சில நாள் வரும், சில நாள் வராது. ஆனால் காலையில் எழுந்ததும் முற்றத்துக்குப் போய் ஒவ்வொரு கம்பமாகப் பிடித்து ஆட்டுவது மட்டும் மறக்கவில்லை. ஆட்டிவிட்டு, "அழுகிப்போச்சு" என்பார். சூப்பையும் அப்படித்தான் சொல்வார். தன் செருப்பைச் சொல்வார், தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண்ணைச் சொல்வார். வீட்டை ஆசீர்வதிக்க வந்த பாதிரியாரின் தாடியைப் பிடித்து ஆட்டி ஒருமுறை அதையே சொன்னார். பாதிரியார் நல்ல மனிதர், "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தெளித்தார்.

அதனால் புதன்கிழமை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது அவர் கம்பத்தை ஆட்டி அழுகிப்போச்சு என்றதை வார்வரா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஈரம் காயலை, கையை எடுங்க" என்றாள்.

அந்த வேலியை நம்பித்தான் அவள் இரவில் கண்ணயர்ந்தாள். போன இலையுதிர் காலத்தில் வெளிக்கதவு திறந்திருந்த ஒரு நாள், ஹரலம்பி மலைச்சரிவில் இறங்கி ஆற்றங்கரை நாணலுக்குள் போய்விட்டார். இடுப்புவரை தண்ணீரில் நின்றவரை மீன்பிடிக்கிறவர்கள்தான் பார்த்தார்கள். அதன்பின் கதவுக்கு வெளிப்பக்கமாகக் கொக்கி போட்டாள். இத்தாலியில் வேலைபார்க்கும் மகள் போனில் அழுதுவிட்டு, தீர்மானமாகச் சொன்னாள்: "இன்னொரு தடவை அப்பா வெளிய போனா நான் வந்து முதியோர் இல்லத்துல சேத்துடுவேன்மா. நீ தடுக்கக்கூடாது." வார்வரா அந்த இல்லத்தைப் பார்த்திருக்கிறாள். சுத்தமான இடம்தான். ஆனால் அங்கே நாற்காலிகளில் ஆளைக் கட்டிவைக்க இடுப்புவார் இருந்தது.

பெரிய வெள்ளி காலையில் அவள் அடுப்படியில் இருந்தபோது, யாரோ பெரிய மேசையைக் கவிழ்த்ததுபோல் சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். தெருப்பக்க வேலியில் மூன்று கம்பங்களும் அவற்றின் பலகைகளும் பிரியாமல் ஒரே துண்டாகத் தெருவில் படுத்துக்கிடந்தன. வர்ணம்தான் அவற்றை ஒட்டிவைத்திருந்தது. ஹரலம்பி அதன்மேல் நின்றுகொண்டிருந்தார்.

"அழுகிப்போச்சு" என்றார், சூப்பைச் சொல்கிற அதே குரலில்.

முறிந்த இடத்தை வார்வரா தொட்டுப் பார்த்தாள். டீத்தூள்போல் உதிர்ந்தது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டே எதிர்வீட்டு ஆர்த்யோமிடம் போனாள். அவளைவிட வயதில் இளையவன், ஊரில் பாதி வேலிகள் அவன் நட்டவை. வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மூணே கம்பம்தான் ஆர்த்யோம். நாலு ஆணி."

அவன் தூரிகையைக் கீழே வைத்தான். "இன்னைக்கா அக்கா? இன்னைக்கு ஆண்டவருக்கு அடிச்ச ஆணி போதாதா?"

இதைத்தான் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அவன் இடத்தில் இருந்தால் அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள். அந்த நாளில் அந்த ஊரில் யாரும் சுத்தியல் எடுப்பதில்லை. ஆண்டவர் மண்ணுக்குள் இருப்பதால் மண்வெட்டியும் எடுப்பதில்லை. அதன்பின் பண்டிகை.

"கேக்கிறதே பாவம்தான். கேட்டுட்டேன்" என்றாள்.

"கேட்டதுல பாவம் இல்லக்கா. என் கை வராது, அவ்வளவுதான். பண்டிகை கழிஞ்ச புதன்கிழமை முதல் வேலை உங்களோடது."

"புதன் வரைக்கும்?"

ஆர்த்யோம் தூரிகையை மறுபடி கையிலெடுத்தான். உள்ளேயிருந்து அவன் மனைவி ஸினோவியாவின் குரல் வந்தது. "ஆணி அடிக்காட்டி போகுது, கயித்தையாவது கட்டிக் குடேன். வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது."

"எதுலடி கட்டுறது? உன் மூக்குலயா? கம்பமே இல்லை" என்றபடி எழுந்து வந்தான்.

கைவண்டியை இழுத்துவந்து இடைவெளியில் நிறுத்தினான். அவன் திரும்பிப்போன சிறிது நேரத்தில் ஹரலம்பி அதை ஓரமாகத் தள்ளிவைத்தார். வழியில் வண்டி நின்றால் நகர்த்திவைக்கிற மனிதர்தான் அவர் எப்போதும். வீட்டுக்குள் பூட்டிவைக்கவும் முடியாது, கதவில் நெற்றியை மோதிக்கொள்வார், சென்ற குளிர்காலத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. கடைசியில் வார்வரா சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து இடைவெளியில் போட்டு உட்கார்ந்தாள். அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

"காட்டியாச்சுங்க." மாடு செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

மணி அடிக்காத நாள் அது. மாலையில் கோயிலிலிருந்து மரப்பலகையைத் தட்டும் ஓசை வந்தது. ஆண்டவரின் அடக்கத்தைத் தீட்டிய துணியைக் கோயிலில் உயர்த்திப் பிடிப்பார்கள்; அதன் கீழே குனிந்துபோக ஊரே நடந்தது. போகிறவர்கள் நின்று, "ஐயோ பாவம்" என்றார்கள். "பெயிண்ட் என்னமோ நல்லாத்தான் இருக்கு" என்றார் ஒருவர், ஆறுதலாக.

ஹரலம்பி சற்று அடங்கியிருந்த நேரத்தில் வார்வரா கத்தியை எடுத்துவந்தாள். மீதி வேலியின் முதல் கம்பத்தருகே மண்டியிட்டு, மண்ணை விலக்கி, குத்தினாள். பிடிவரை இறங்கியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதற்கு அவள் போகவில்லை. கத்தியை மடக்கிவிட்டு, எழ மனமில்லாமல் அங்கேயே இருந்தாள். 'ஆண்டவரே, நீர் படுத்திருக்கிற நாளில் உம்மை எழுப்பக் கூடாதுதான். ஆனால் எனக்கு வேறு யாரைத் தெரியும்?' என்று நினைத்தாள்.

தலை நிமிர்ந்தபோது ஸினோவியாவும் ஆர்த்யோமும் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு முனையில் நீள பெஞ்சைத் தூக்கிக்கொண்டு. இடைவெளியில் அதைப் போட்டுவிட்டு ஸினோவியா நடுவில் உட்கார்ந்தாள்.

"போயிட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்."

"உனக்குக் கோயில்?"

"கோயில் எங்கயும் போயிடாது. அண்ணன்தான் போயிடுவாரு."

வார்வரா போனாள். துணியின் கீழே குனிந்தபோது, இல்லத்து நாற்காலிகளின் வார் மட்டும் கண்ணில் நின்றது. கோயிலில் ஏற்றிய மெழுகுவத்தியைக் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு திரும்பினாள்.

அந்தியில் தூரத்திலிருந்தே பெஞ்சு தெரிந்தது. ஹரலம்பி அதன் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அழுகிப்போச்சு."

"நானுந்தான் அண்ணே" என்றாள் ஸினோவியா. "இருக்கிற வரைக்கும் உக்காருங்க."

அவர் உட்காரவில்லை.

"ராத்திரிக்கு எங்க வீட்டுக்காரரு வந்து உக்காருவாரு. நாளைக்கு என் தங்கச்சி. ஞாயிறு..." ஸினோவியா நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கு யாரைச் சொல்வது? புதனன்று ஆர்த்யோம் மூன்று கம்பம் நடுவான். மற்றவை? வார்வரா கத்தியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பண்டிகை முடியட்டும் என்று இருந்தாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து மெழுகுவத்தியை இருவருக்கும் நடுவில் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் தெரு, அதற்கும் கீழே சரிவு, அதற்கும் கீழே ஆறு.

ஹரலம்பி நகர்ந்துபோய், நின்றிருந்த கம்பத்தைப் பிடித்தார். நீல வர்ணம் பளபளவென்று இருந்தது. கம்பம் லேசாக அசைந்தது. அவர் திரும்பி வார்வராவைப் பார்த்தார், காத்திருந்தார்.

"ஆமாங்க" என்றாள் அவள். "அழுகித்தான் போச்சு."

நெடுநாளாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவருக்கு, கடைசியில் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டால் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம். வந்து அவளருகே உட்கார்ந்தார். அவள் அவர் சட்டைக்கையைப் பிடித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஸினோவியா மறுகையைப் பிடித்துக்கொண்டாள்.