டல்லாஸ்காரன் காவல்

கலையரசன் எங்கள் தெருப் பையன். எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் பிறந்தவன், இப்போது டல்லாஸில் பெரிய வேலை. போன வருஷம் அவனும் அவனுடைய அமெரிக்கச் சிநேகிதர்களும் சேர்ந்து எங்கள் தெரு முழுக்கக் கேமரா வைத்துக் கொடுத்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வந்து போனால் கோழி காணாமல் போகும், வாசலில் விட்ட செருப்பும் காணாமல் போகும். கேமரா வந்ததில் எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கேமராக் கம்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தோம். என் வாசல் நன்றாகத் தெரிகிற மாதிரி திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியவளே நான்தான். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு குத்துதே குடையுதே என்றால் யார் என்ன செய்வார்கள்?

கேமராவில் விழுவதெல்லாம் அவன் போனில் தெரியும். முதலில் தன் அம்மா ராஜம்மாளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தெருவையே பார்க்க ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுப் பரசுராமன் குடித்துவிட்டு வந்தால், அவர் வீட்டுப்படி ஏறுவதற்குள் சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்குச் சேதி போய்விடும். நாங்கள் அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஊராட்சித் தேர்தல் வந்தது. கலையரசனின் சித்தப்பா அப்பாதுரை தலைவருக்கு நின்றார். பேனர், வேன், பிரியாணி எல்லாம் டல்லாஸ் உபயம். அவர் ஜெயித்தால் ஏரிக்கரை மேய்ச்சல் நிலத்தில் அமெரிக்கக் கூட்டாளிகள் விடுதி கட்டுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். என் மாடுகள் அங்கேதான் மேய்கின்றன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எதிர்த்து நானே மனுத் தாக்கல் செய்தேன். அன்று மாலையே, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் எல்லாம் போன் அடித்தது. மறுநாள் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் கலையரசன் கூப்பிட்டான். குரலில் தேன் ஒழுகியது. மாடு கன்று போட்டுவிட்டதா என்றுகூட விசாரித்தான்.

"இனியா வர்ற நேரமாச்சே, அக்கா," என்றான். "நேத்து அது ஒரு பையனோட வண்டியில வந்து எறங்குச்சு. அவன் எந்த ஊரு, எந்த ஜாதின்னு விசாரிச்சிட்டோம்."

இனியா என் ஒரே மகள். ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் வேலை செய்கிறாள். அந்தப் பையன் மாறன், அவளோடு வேலை செய்கிறவன். அவள் ஸ்கூட்டி பஞ்சரானதால் கொண்டுவந்து விட்டான், அவ்வளவுதான். அதைத்தான் கலையரசனிடமும் சொன்னேன். அவன் காதில் வாங்கவே இல்லை.

"இதோ, முனையில திரும்புது பாருங்க. பயப்படாதீங்க. பின்னாடி வர்றது நம்ம பசங்கதான்."

வாசலுக்கு ஓடினேன். இனியா ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பைக்குகள், இன்ஜினை அணைக்காமல் நின்றன. நான் இதுவரை பார்த்திராத ஆட்கள். ஒருவன் காதில் போனை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"சொல்லுங்க அக்கா," என்றான் கலையரசன்.

வாய்க்காரி என்று ஊரே என்னைச் சொல்லும். நாளைக்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ஊர் ஒற்றுமைதான் முக்கியம் என்று சொல்லி அவன் போனை வைத்தான். பைக்குகள் திரும்பிப் போயின.

இனியா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, யாரிடம் பேசினாய் என்று கேட்டாள். நான் அவள் கையிலிருந்த வண்டிச் சாவியைப் பிடுங்கினேன்.

"நாளையிலருந்து நீ வேலைக்குப் போவ வேணாம்," என்றேன்.