காணாமல் போன பேட்ச்

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஐம்பத்தொரு வயதில் தீட்டு நின்றதும் என் தோல் காய்ந்த வரட்டியாகிப் போனது. உடம்பெல்லாம் எறும்பு ஊறுவது போலிருக்கும். சொறிந்தால் ரத்தம் வரும். டாக்டர் ஹார்மோன் பேட்ச், தோல் வழியாக மருந்து ஏறும் ஒட்டுத்தாள், எழுதிக்கொடுத்தார். வயிற்றில் ஒட்டச் சொன்னார். அங்கே அரித்ததால், யாரையும் கேட்காமல் நானே தொடைக்கு மாற்றிக்கொண்டேன். ஆறு மாதத்தில் தோல் பழையபடி ஆகிவிட்டது.

மில்பிடாஸ் மளிகைக் கடையில்தான், எனக்குத் தெரிந்த பெண் பிரீத்தா கேட்டாள். "ஆன்ட்டி, ஸ்கின் இப்படி மின்னுதே, என்ன use பண்றீங்க?"

இந்த வயதில் ஹார்மோனா என்று சிரிப்பாளே. "வெள்ளிக்கிழமையானா நல்லெண்ணெய்க் குளியல், அவ்வளவுதான் கண்ணு" என்று அளந்துவிட்டேன்.

"அப்ப எங்க பாப்பாவுக்கும் நீங்களே தேய்ச்சு விடுங்க ஆன்ட்டி. எங்க அம்மாவுக்கு இங்க வர விசா கிடைக்கல."

அப்படித்தான் இன்று காலை குபெர்டினோவில், அவள் வீட்டுக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து, நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு மாதக் குழந்தை அபிகாயிலை என் கால்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்தேன்.

வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போது தொடையைத் தடவினேன். பேட்ச் இல்லை. நைட்டியை உதறினேன். துண்டை உதறினேன். கார் சீட்டைக்கூடத் தடவிப் பார்த்தேன். அப்புறம்தான் குழந்தை படுத்திருந்த இடம் ஞாபகம் வந்தது.

போன் போட்டால் எங்கேஜ்ட். அவள் கணவன் சைலஸ் அதே போன் லைனில் இன்டர்நெட் போட்டு உட்கார்ந்திருப்பான், கடன்காரன். பேட்ச் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஃப்ரீவேயில் ஏறினேன். சனிக்கிழமை என்ன டிராஃபிக்கோ, நகரவே இல்லை. பச்சைப் பிள்ளை உடம்பில் கிழவிக்கான மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. தெய்வமே, அது தொட்டித் தண்ணீரோடு போயிருக்க வேண்டும்.

"என்ன ஆன்ட்டி, எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கதவைத் திறந்தாள் பிரீத்தா.

நேரே உள்ளே போய்க் குழந்தையின் கவுனைத் தூக்கினேன். இடது தொடையில், கண்ணாடித் தாள் போல, ஒட்டிக்கொண்டிருந்தது.

"அதைப் பிரிக்காதீங்க. முந்தாநாள் ஊசி போட்ட இடம். கிளினிக்ல ஒட்டினது."

பிரித்து எடுத்துவிட்டு, "கிளினிக்தான்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது, பாவி மனசுக்கு.

"இது என்னுது கண்ணு. ஹார்மோன் பேட்ச்."

நான் அதை உரித்து எடுத்தேன். பிரீத்தா ஓடிப்போய் சைலஸிடம் இன்டர்நெட்டை நிறுத்தச் சொல்லி, குழந்தை டாக்டருக்குப் போன் செய்தாள். ரிசீவரை நான் வாங்கி, எந்த மருந்து, எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்று நர்ஸிடம் சொன்னேன். சோப்புப் போட்டுக் கழுவி, டப்பாவோடு உடனே கொண்டுவரச் சொன்னாள் நர்ஸ்.

குழந்தையின் தொடையைக் கழுவத் தண்ணீர் பிடித்தேன். பிரீத்தா சோப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அப்ப அந்த நல்லெண்ணெய்?"

"நல்லெண்ணெயெல்லாம் இல்ல கண்ணு. தோல் சரியானது இந்த மருந்துலதான். வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன்."

அவள் குழந்தையைத் துடைத்து, கார் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"நீங்களும் ஏறுங்க ஆன்ட்டி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "டாக்டர் கேட்டா நீங்கதான் சொல்லணும். அங்கயாவது நெஜத்தைச் சொல்லுங்க."