முப்பதாவது வெண்பா

ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்குவது அந்தாதி. எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து முப்பது வெண்பா பாடுவதாக ஏற்பாடு. முதல் பாட்டு ‘மலர்’ என்று தொடங்கியது. முப்பதாவது என்னுடையது; அது ‘மலர்’ என்றே முடிய வேண்டும். எனக்கு முந்தைய, இருபத்தொன்பதாவது பாட்டு ‘நிலவு’ என்று முடியும் என, அதைப் பாடும் கோமளா அக்கா முன்பே சொல்லியிருந்ததால், ஒரு வாரமாகத் தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தேன்.

நேற்று தொழிற்சாலையில் வேலை முடிந்து கைப்பேசியைத் திறந்தேன். அக்காவின் பாட்டுக்குக் கீழே, கேட்டரிங் நடத்தும் பிச்சைமுத்து அண்ணனின் விளம்பரம்: “ஞாயிறு ஸ்பெஷல் ஆட்டுக்கறி.” அதற்கும் கீழே குழுவில் இருக்கும் பவன், ‘கறி’யில் தொடங்கி ‘சோறு’ என்று முடித்து ஒரு வெண்பாவே போட்டிருந்தான்.

அக்காவை அழைத்தேன். “அக்கா, அது விளம்பரம்! முப்பதாவது என்னோடதுக்கா.”

“தெரியும்மா. ஆனா பவன் பாட்டு நல்லா வந்திருக்குலா.”

“அப்ப என் பாட்டு?”

“நீ முப்பத்தொண்ணு போடேன். சோத்துல ஆரம்பிச்சு மலர்ல முடி. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

பவனின் பாட்டை மறுபடியும் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

நோட்டில் என் நிலவை அடித்துவிட்டு, ‘சோறு’ என்று எழுதினேன். குழுவில் பிச்சைமுத்து அண்ணன் மறுபடியும் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தார்.