அண்ணி வாசித்த விண்கலம்

கிரேன் ஓட்டுபவருக்கு இடது கண்ணில் விழித்திரை கிழிந்துபோனது. டாக்டர் கிழிசலைச் சரிசெய்து, அது ஒட்டிக்கொள்ளும்வரை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டார். விழித்திரை இருப்பது கண்ணின் பின்பக்கம்; குமிழியோ மேல்நோக்கி மிதக்கும். ஆகவே முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் குளியலறைக்கும் தவிர நிமிரக் கூடாது. அவர் தனிக்கட்டை. அண்ணன் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டார்கள்.

"குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலைன்னு இனிமே நீ தாராளமா சொல்லிக்கலாம்டா," என்று அண்ணன் தலையணையைச் சரிசெய்தார்.

உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஊரையே குனிந்து பார்த்த மனுஷனுக்கு, இப்போது பார்க்கக் கிடைத்ததெல்லாம் தரையும், வருவோர் போவோர் கால்களும்தான். வந்த கால்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டன: "மறுபடி எப்ப வேலைக்குப் போவீங்க?" அது தெரிந்தால் அவர் ஏன் இப்படிக் கிடக்கிறார்?

அண்ணி மட்டும் வேறு மாதிரி. வேலையிலிருந்து வந்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அவர் முகத்தைத் தேடிப் பிடித்தாள்.

"தம்பி, அந்தக் குமிழி உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது அண்ணி. நடுவுல வட்டமா. ஓரம் மட்டும் கறுப்பா."

"அசையுதா?"

"தலையை ஆட்டினா தளும்புது."

"தளும்புதா!" அவள் கண்கள் விரிந்தன. "அதுக்குப் பின்னாடி என்ன தெரியுது?"

அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் போய்விடுமோ என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தவருக்கு, அந்தக் கொஞ்ச நேரம் தன் கண்ணே வேடிக்கை பார்க்கத் தக்க ஒரு பொருளாகத் தோன்றியது.

அண்ணிக்குச் சலவைக்கடையில் கறை எடுக்கும் வேலை. துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டு அது சுற்றி முடிப்பதற்குள் ஓர் அத்தியாயம் படித்துவிடுவாள். எல்லாம் விண்கலக் கதைகள், வேற்றுக்கிரகக் கதைகள். பழைய புத்தகக் கடையில் பொறுக்கியவற்றுக்குச் சலவைக்கடையின் பிளாஸ்டிக் உறையையே வெட்டி அட்டை போடுவாள். அடுப்பில் ஒரு கண், புத்தகத்தில் ஒரு கண். கடைசித் தாள்கள் கிழிந்த புத்தகத்தையும் விடமாட்டாள். முடிவைத் தானே யோசித்துக்கொள்வாள். "எங்க வீட்ல எல்லா நாளும் செவ்வாய்க்கிழமைதான்," என்று அண்ணன் கேலி செய்வார். கொழுந்தனும் கூடச் சேர்ந்து சிரித்தவர்தான்.

"சும்மாதானே படுத்திருக்கீங்க, நான் படிக்கிறதைச் சத்தமா படிக்கட்டுமா?" என்றாள் மறுநாள் காலை. சோறு போடுகிறவள் மனம் நோகக் கூடாதே என்று சம்மதித்தார்.

தலைமுறை தலைமுறையாகப் பயணம் போகும் ஒரு விண்கலம். அதில் செடி வளர்க்கும் ஒருத்தி. அண்ணி கடகடவென்று ஒப்பிக்கவில்லை. திருப்பம் வரும் இடத்தில் நிறுத்தி, "இப்ப நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். பதில் வராமல் பக்கத்தைப் புரட்டவில்லை. ஓரிடத்தில் வீரன் ஒருவன் கலத்துக்கு வெளியே ஒரு பெரிய இரும்புப் பெட்டியைக் கயிற்றால் இழுத்து ஒற்றைக் கையால் நிறுத்தினான்.

"நிக்காது," என்றார் அவர் தலையணைக்குள்ளிருந்து.

"எடைதான் இல்லையே தம்பி?"

"எடை இல்லாட்டி என்ன? இழுத்துவிட்ட சுமை வந்துகிட்டேதான் இருக்கும். ஆளை நசுக்கிடும்."

அண்ணி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டாள். அந்தக் கீறல் சத்தம் அவருக்கு ஏனோ பிடித்திருந்தது.

ஒருநாள் அவளுக்குக் கடையில் வேலை நீண்டுவிட்டது. பொறுக்கமாட்டாமல் அண்ணனைப் படிக்கச் சொன்னார். அண்ணன் மின்தடை அறிவிப்புப் போலப் படித்தார். வர்ணனை வந்த இடத்தையெல்லாம் தாண்டிக் குதித்தார். "போதும்ணா, அண்ணி வரட்டும்," என்று நிறுத்திவிட்டார். நாளெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வந்து, ஒரு புது உலகத்தையும் கட்டி எழுப்புகிறாளே, இவளுக்கு எங்கிருந்து வருகிறது இத்தனை தெம்பு என்று அன்றுதான் முதன்முதலாக வியந்தார்.

விழித்திரை ஒட்டிக்கொண்டது. "இனி நிமிரலாம்," என்றார் டாக்டர். அதற்குள் கதையும் முடிந்திருந்தது: போய்ச் சேரும் கிரகத்தில் தண்ணீர் இல்லை என்பது விண்கலத்தின் தலைவருக்கு முன்பே தெரியும்; யாரிடமும் சொல்லவில்லை.

அன்று எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"தலைவர் செஞ்சதுதான் சரி," என்றார் தம்பி. "சொல்லியிருந்தா பாதிப் பேர் பயத்துலயே செத்திருப்பாங்க."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "அது எப்படிச் சரியாகும்? அவங்க உயிர், அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணுவாங்க?"

"ஏதாவது பண்ணுவாங்க. அந்தச் செடிக்காரி சும்மா இருப்பாளா?"

"எனக்குக் குழம்பு ஊத்துவீங்களா மாட்டீங்களா?" என்றார் அண்ணன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் விடவில்லை. சோறு பிசைந்த கை காய்ந்தது. அண்ணியின் முகம் சிவந்திருந்தது. ஆனால் கோபம் இல்லை. இத்தனை வருஷம் அவள் படித்ததெல்லாம் ஊமை கண்ட கனவாகத்தானே இருந்தது? சண்டை போட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அது என்று அவருக்குப் புரிந்தது. வேண்டுமென்றே இன்னொரு தரம் தலைவருக்குப் பரிந்து பேசினார்.